பட்ட கிளையில் ஒரு மஞ்சள் கால் காளான்

மழை ஓய்ந்த மறுநாள் புக்கிட் தீமா காட்டுப்பாதையில் நடப்பவர்களின் கண் பெரும்பாலும் மேலேயே இருக்கும். குரங்கு, பறக்கும் ஓணான், துடுப்புவால் கரிச்சான் என்று அண்ணாந்து பார்க்க அங்கே நிறைய உண்டு. அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் கீழே இறக்கச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாதையோரம் இரண்டு மூன்று விரல் பருமனில் கிளை ஒன்று ஒடிந்து விழுந்து, பட்டை கழன்று, ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அதன்மேல் சின்னச் சின்னப் புனல்கள் நிமிர்ந்து நிற்கும். புனலின் உட்புறம் பழுப்பு. அடர் பழுப்பு, செம்பழுப்பு, வெளிர் பழுப்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வரிகள் ஓடும். விளிம்பு மட்டும் வெளுத்திருக்கும். சிறியது இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நன்றாக விரிந்தது உள்ளங்கை அளவுக்கு வரும். ஆனால் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பல சமயம் முந்தைய நாள் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கியிருக்கும். குனிந்து அடியைப் பார்த்தால், காம்பு கிளையைத் தொடும் இடத்தில் மஞ்சள் வட்டு ஒன்று கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை அடையாளம் காண அந்த மஞ்சளைத்தான் முதலில் தேட வேண்டும்.

இதன் அறிவியல் பெயர் மைக்ரோபோரஸ் ஸாந்தோபஸ். சுவீடனைச் சேர்ந்த பூஞ்சையியலாளர் எலியாஸ் ஃபிரீஸ் 1818இல் இதை வகைப்படுத்தினார். ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இது பரவியிருக்கிறது. சிங்கப்பூரில் இதைத் தேடிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. புக்கிட் தீமாவிலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டிலும் விழுந்த கிளைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கண்ணில் படும். வசதிக்காக இதை மஞ்சள் கால் காளான் என்றே சொல்கிறேன்.

காளானைப் பற்றி முதன்முதலாகப் படிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். எளிதில் கிடைக்கிறது, எளிதில் அடையாளம் தெரிகிறது, நாலைந்து நாளில் அழுகி மறைந்துவிடாமல் நின்று காட்டுகிறது. அது ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கான விடை சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கிளைக்கு உள்ளே இருக்கும் உடம்பு

தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்திலேயே நம் பிள்ளைகள் பூஞ்சைகளைத் தாவரம், விலங்கு இரண்டிலிருந்தும் பிரித்துத் தனி வகையாகப் படிக்கிறார்கள். ஆனால் பெரியவர்களான நம்மில் பலருக்கு இன்னமும் காளான் என்றால் ஒருவகைச் செடி. மண்ணிலிருந்து முளைக்கிறது, நகராமல் நிற்கிறது, ஆகவே செடி. பரம்பரையைப் பார்த்தால் பூஞ்சைகள் செடிகளைவிட நமக்குத்தான் நெருக்கம். செடி வெளிச்சத்தை வைத்துத் தன் உணவைத் தானே செய்துகொள்கிறது. பூஞ்சையால் அது முடியாது. நம்மைப்போல வேறோர் உயிர் சேர்த்து வைத்ததைத்தான் தின்ன வேண்டும். அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின் என்ற பொருள். இறால் ஓட்டுக்கு விறைப்பைக் கொடுப்பதும் அதே கைட்டின்தான்.

நாம் உணவை வயிற்றுக்குள் போட்டுச் செரிக்கிறோம். பூஞ்சைக்கு வயிறு கிடையாது. அது உணவுக்குள் புகுந்து, தன் செரிமான நொதிகளை வெளியே சுரந்து, கரைந்து வருவதை உடம்பெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் காளான்களைப் பற்றிய முக்கால்வாசிச் சந்தேகம் தீர்ந்துவிடும். உணவுக்கு உள்ளேயே வாழ வேண்டிய உயிருக்கு, மெல்லிய இழையைவிடத் தோதான வடிவம் வேறு இல்லை. எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு தூரம் மரத்துக்குள் நுழையலாம். எவ்வளவு நீளமோ அவ்வளவு பரப்பில் உறிஞ்சலாம்.

ஆகவே கிளையின்மேல் தெரிகிற புனல் இந்த உயிரின் ஒரு சிறு பகுதிதான். வித்துகளைக் காற்றில் விடுவதற்காக அது வெளியே அனுப்பிய உறுப்பு. கனியுடல் என்று அதற்குப் பெயர். மற்றதெல்லாம் கிளைக்குள் இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருநூறு இழைகளை அருகருகே அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியவை. இழையின் நுனி மட்டும்தான் வளரும். அது பிரியும், பிரிந்தது மறுபடி இன்னோர் இழையோடு சேரும். இப்படிப் பரவிய மொத்த வலைக்கு மைசீலியம் என்று பெயர். நன்றாக மக்கிய கிளை தானாகப் பிளந்து கிடந்தால், உள்ளே வெள்ளையாகப் படலம் படர்ந்திருப்பதைச் சில சமயம் பார்க்கலாம்.

இது தொடங்கும் விதமும் விசித்திரமானது. காற்றில் வந்த வித்து ஒன்று ஈரக் கிளையில் விழுந்து முளைத்து இழை விடுகிறது. அந்த இழையின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு கரு. அதே இனத்தைச் சேர்ந்த, தனக்குப் பொருந்திய இன்னோர் இழையை மரத்துக்குள் எங்கேயாவது சந்தித்தால் இரண்டும் இணைகின்றன. விலங்குகளில் இரண்டு செல்கள் இணைந்தால் கருக்களும் உடனே ஒன்றாகிவிடும். இங்கே அப்படி ஆவதில்லை. இரண்டு கருக்களும் ஒன்றாகாமல், ஒரே செல்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கின்றன. இழை வளர வளர, ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் இருதரப்பிலிருந்தும் ஒவ்வொரு கரு போய்ச் சேருகிறது. அது தவறாமல் நடப்பதற்காகச் செல்லும் செல்லும் சேரும் இடத்தில் வளைந்த சிறு புடைப்பு ஒன்று உண்டாகிறது. நுண்ணோக்கியில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். புனல் உருவாகி, அதன் அடிப்பக்கத்தில் வித்து உண்டாகும் கடைசிக் கட்டத்தில்தான் அந்த இரண்டு கருக்களும் ஒன்று சேருகின்றன.

மரத்தைத் தின்பது லேசான காரியமல்ல

காய்ந்த கட்டையைக் கையில் எடுத்து, இதில் சாப்பிட என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உண்மையில் நிறைய இருக்கிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். அது குளுக்கோஸ் சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ்தான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த வித்தியாசத்தால் சோறு நமக்குச் செரிக்கிறது, மரத்தூள் செரிப்பதில்லை.

செல்லுலோஸை அறுக்கும் நொதி இருந்தாலும் வேலை முடிந்துவிடாது. மரம் தன் சர்க்கரையைத் திறந்துபோட்டு வைத்திருக்கவில்லை. லிக்னின் என்ற பொருள் அந்தச் சங்கிலிகளைச் சுற்றி இறுகப் பூசியிருக்கிறது. மரத்தின் எடையில் சுமார் 20 முதல் 30 விழுக்காடு அதுதான். அறுபது மீட்டர் உயரத்துக்குச் செராயா மரம் நிமிர்ந்து நிற்க முடிகிறதென்றால் அதில் லிக்னினுக்குப் பெரும்பங்கு உண்டு. செல்லுலோஸ் ஒழுங்கான சங்கிலி என்பதால் அதை வெட்டத் திட்டமான இடம் இருக்கிறது. லிக்னினில் அப்படி ஒழுங்கே கிடையாது. வளையங்கள் கண்டபடி பின்னிக் கிடக்கும்; ஓரிடத்தில் உள்ள பிணைப்பு இன்னோரிடத்தில் இருக்காது. இந்தச் சாவி இந்தப் பூட்டுக்கு என்று பொருந்தி வேலை செய்யும் சாதாரண நொதிகள் இங்கே உதவமாட்டா.

மஞ்சள் கால் காளானும் அதன் உறவுகளும் வேறு வழியைக் கைக்கொள்கின்றன. லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளை அவை சுரக்கின்றன. முதலாவதில் செம்பு இருக்கிறது. இரண்டாவது, பெயர் சொல்வதுபோல, மாங்கனீஸை வைத்து வேலை செய்கிறது. இவை லிக்னினில் குறிப்பிட்ட இடத்தைத் தேடி வெட்டுவதில்லை. எலெக்ட்ரானைப் பிடுங்கி அதன் மூலக்கூறை நிலைகுலையச் செய்கின்றன. நிலைகுலைந்த மூலக்கூறு தானாகவே துண்டு துண்டாக உடைகிறது. இவ்வளவு பாடுபட்டாலும் லிக்னினிலிருந்து பூஞ்சைக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். அது வேண்டுவது உள்ளே இருக்கும் சர்க்கரை. லிக்னின் வழியில் நிற்கும் தடை.

பழுப்பு நிறம் லிக்னினோடு போய்விடுவதால் மிஞ்சும் மரம் வெளுத்து, நார் நாராக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்கும். இதை வெள்ளை மக்கல் என்பார்கள். வேறு சில பூஞ்சைகள் செல்லுலோஸை மட்டும் எடுத்துக்கொண்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த மரம் கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அது பழுப்பு மக்கல். குளிர்நாடுகளின் ஊசியிலைக் காடுகளில் பழுப்பு மக்கல் அதிகம். நம்மைச் சுற்றியுள்ள அகன்ற இலை மரங்களில் நடப்பது பெரும்பாலும் வெள்ளை மக்கல்தான். ஒரு காளானையும் காணாவிட்டாலும், விழுந்த கிளையின் நிறத்தையும் அது உடையும் விதத்தையும் பார்த்தே உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தத் திறமை பூஞ்சைகளுக்கு எப்போது வந்தது? பல பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தது. பூமியின் பெரும் நிலக்கரிப் படிவங்கள் உருவான காலத்தின் முடிவும் அதை ஒட்டியே வருகிறது. லிக்னினைத் தின்ன ஆளில்லாததால்தான் அத்தனை மரமும் மக்காமல் நிலக்கரியானது என்று சிலர் சொல்ல, சதுப்பு நிலமும் அன்றைய தட்பவெப்பமும்தான் காரணம் என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். இரண்டாம் தரப்பின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது.

மரத்தில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் நைட்ரஜனுக்கு. கட்டையில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் சில நூறு பங்கு இருக்கும். அதனால் பூஞ்சை கிடைக்கிற நைட்ரஜனை இழை இழையாகச் சேகரித்துத் தன் உடம்பில் திரட்டி வைக்கிறது. வெறும் கட்டையைவிடப் பூஞ்சை பாய்ந்த கட்டை பூச்சிகளுக்குச் சத்தான உணவாவது இப்படித்தான். புனலின் விளிம்பை அரித்துத் தின்னும் சிறு வண்டுகள் உண்டு. வண்டைத் தேடிப் பல்லி, பல்லியைத் தேடிப் பறவை. நம் காட்டு மண், அடிக்கடி பெய்யும் மழையில் சத்துகள் கரைந்தோடிப்போன ஏழை மண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில் அது இயல்பு. இந்தக் காட்டின் சொத்து பெரும்பாலும் மரங்களிலேயே இருக்கிறது. விழுந்த கிளை மக்கினால்தான் அந்தச் சொத்து அடுத்த மரத்துக்குக் கைமாறும். கறையான்களும் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் லிக்னினைத் திறந்து உள்ளே புகுவதில் பூஞ்சைக்கு நிகரான உயிர் இல்லை.

பூமலையிலிருந்து வந்த விடை

மழைக்காலத்தில் புல்தரையில் முளைக்கும் குடைக்காளான் மறுநாளே சாய்ந்து, அதற்கடுத்த நாள் கூழாகிவிடும். அதன் சதையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். செல்கள் தண்ணீரால் உப்பி நிற்பதால்தான் காளானும் நிற்கிறது. தண்ணீர் போனால் அதுவும் போயிற்று. மஞ்சள் கால் காளானோ தோல்போல வளையும், இழுத்தால் கிழியாது. மழை இல்லாத நாள்களில் காய்ந்து விறைக்கும், மழை வந்தால் மறுபடி நனைந்து துவளும். மாதக்கணக்கில் கிளையில் நிற்கும். இத்தனைக்கும் இரண்டுமே இழைகளால் ஆனவைதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

1929இல் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, நாம் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் துணை இயக்குநராகச் சேர்ந்தார் இ. ஜே. எச். கார்னர். அப்போது அவருக்கு 23 வயது. உயரமான காட்டு மரங்களின் உச்சியிலிருந்து பூவும் இலையும் பறித்துப் போட, பெரோக் வகைக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தவர் என்று பலருக்கும் அவரைத் தெரியும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இங்கேயே இருந்து, பூமலையின் சேகரிப்புகளையும் அரும்பொருளகத்தையும் காப்பாற்ற உழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் பூஞ்சை உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது, 1932இல் மஞ்சள் கால் காளானைப் பற்றி அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக.

அதுவரை காளான்களை வகைப்படுத்தியவர்கள் பெரும்பாலும் வடிவம், நிறம், துளையின் அளவு ஆகியவற்றைத்தான் பார்த்தார்கள். கார்னர் சதையையே பிரித்துப் பார்த்தார். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஊசியால் இழை இழையாகப் பிரித்து, ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்தார். அப்படிப் பார்த்ததில், இந்த மெல்லிய புனலுக்குள் மூன்று விதமான இழைகள் இருப்பது தெரியவந்தது.

கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக நின்று பாரம் தாங்கும் கழிகள் வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கக் கயிறு வேண்டும். இரண்டையும் கொண்டுவந்து நிறுத்திக் கட்டுவதற்கு ஆட்கள் வேண்டும். மஞ்சள் கால் காளானில் மூன்றும் இருக்கின்றன. கழிகளின் இடத்தில் இருப்பவை சட்டக இழைகள்: சுவர் தடித்து, உள்ளே வெற்றிடம் குறுகி, கிளைவிடாமல் நேராக நீண்டு ஓடுபவை. கயிற்றின் இடத்தில் பிணைப்பு இழைகள்: இவற்றுக்கும் சுவர் தடிப்புதான், ஆனால் குட்டையாக, கண்ட திசையெல்லாம் கிளைவிட்டு, சட்டக இழைகளைச் சுற்றி வளைத்துப் பின்னிக்கொள்பவை. ஆட்களின் இடத்தில் ஆக்க இழைகள்: சுவர் மெல்லியவை, உயிர்ச்சாறு நிறைந்தவை. மற்ற இரண்டு வகையும் இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. வித்துகளைத் தாங்கும் செல்களும் இவற்றின் வழி வந்தவையே.

குடைக்காளான் கூழாவதற்கும் இது நிற்பதற்கும் காரணம் இப்போது விளங்கும். பெரும்பாலான குடைக்காளான்களில் ஆக்க இழைகள் மட்டுமே உண்டு. இங்கே சட்டகமும் பிணைப்பும் சேர்ந்துவிடுவதால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகூட மழையையும் வெயிலையும் தாங்குகிறது. இழைகளின் தடித்த சுவரே பாரத்தைச் சுமப்பதால் தண்ணீரை நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஒருவகை இழை கொண்டவை, இருவகை கொண்டவை, மூவகை கொண்டவை என்று கார்னர் அன்று பிரித்த முறையை உலகெங்கும் துளைக்காளான்களை ஆராய்பவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். புதிதாக ஓர் இனத்தை விவரிக்கும்போது அதன் இழையமைப்பு எந்த வகை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பூமலையில் வேலை பார்த்த ஓர் இளைஞர், நாம் மிதித்துக்கொண்டு போகும் கிளையில் முளைக்கும் காளானை எடுத்து, ஒரு துறையின் இலக்கணத்தையே எழுதினார். சிங்கப்பூரின் அறிவியல் வரலாற்றைப் பேசும்போது ரப்பருக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் இந்தக் காளானுக்கும் கொடுக்கலாம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது

புனலின் மேற்புறம் வரியும் நிறமுமாக அழகாக இருந்தாலும் முக்கியமான வேலை நடப்பது அடிப்பக்கத்தில். வெண்மையாக, வழவழப்பாக, ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும் அந்தப் பரப்பு முழுக்கத் துளைகள். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏழெட்டுத் துளைகளோ அதற்கும் மேலோ இருக்கும். வெறுங்கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் இருந்தால் தெரிந்துவிடும். கடையில் வாங்கும் பட்டன் காளானைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். இதில் தகடுகளுக்குப் பதிலாகக் குழாய்கள். ஒவ்வொரு துளையும் ஒரு குட்டிக் குழாயின் வாய்.

குழாயின் உள்சுவரில் வித்து உண்டாக்கும் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் நான்கு வித்துகள். முற்றியதும் செல் வித்தை விசையோடு எறிகிறது, ஆனால் எதிர்ச்சுவரில் போய் மோதாத அளவுக்கு மட்டும். குழாயின் நடுவுக்கு வந்ததும் விசை தீர்ந்து, வித்து நேராகக் கீழே விழுகிறது. துளைக்கு வெளியே வந்தபின் காற்று பார்த்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு பலிக்க வேண்டுமானால் குழாய் செங்குத்தாக இருந்தே ஆக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வித்து சுவரில் ஒட்டி வீணாகும். அதனால் பூஞ்சைக்குப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கிறது. கிளையின் பக்கவாட்டிலிருந்து முளைத்தாலும் காம்பு வளைந்து மேலே திரும்பி, புனலைக் கிடைமட்டமாக விரிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் காட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே கிளையில் பழைய புனல்கள் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ நிற்க, புதியவை மட்டும் நேராக நிற்பதைக் காணலாம். பழையவை முளைத்தபின் யாரோ காலால் தள்ளியோ, காட்டுப்பன்றி புரட்டியோ, மழைநீர் அடித்தோ கிளை உருண்டிருக்கிறது. விறைத்துப்போன பழைய புனலால் இனி திரும்ப முடியாது. உள்ளே இருக்கும் உயிர் புதிதாக ஒன்றைச் சரியான திசையில் அனுப்பிவிட்டது.

மரத்தைக் கொல்லுமா, சாப்பிடலாமா

காட்டில் இதைக் காட்டும்போதெல்லாம் வரும் முதல் கேள்வி, "தம்பி, இதைச் சமைக்கலாமா?" வேண்டாம் ஆன்ட்டி. மென்று விழுங்க முடியாத தோல் அது. தவிர, பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியில்லாமல் எதையும் பறிப்பது சட்டப்படி குற்றம். சீன சூப்பில் மிதக்கும் கறுப்பு மரக்காதும் பட்ட மரத்தில் வளர்வதுதான் என்றாலும், சந்தைக்கு வருவது அதற்கென்று வளர்க்கப்பட்டது. காட்டில் கண்ணில் பட்ட எந்தக் காளானையும் படத்தை வைத்து ஒப்பிட்டு வாயில் வைக்காதீர்கள். இதில் விளையாட்டே வேண்டாம்.

அடுத்த கேள்வி கொஞ்சம் கவலையோடு வரும். வீட்டுக்கீழே நிற்கும் மரத்துக்கு இது தொற்றிவிடுமா? மஞ்சள் கால் காளான் பட்ட கிளையில் வாழ்வது. உயிருள்ள மரத்தைத் தேடிப் போய்த் தாக்குவது அதன் இயல்பல்ல. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பார்த்து. தூங்குமூஞ்சி, வேங்கை போன்ற சாலையோர மரங்களின் அடித்தண்டில், தரையை ஒட்டி, கனமான, மெருகு போட்டதுபோன்ற செம்பழுப்புக் காளான் தட்டுத் தட்டாக முளைத்திருந்தால் அது கானோடெர்மா வகையாக இருக்கலாம். அவற்றில் சில, நிற்கும் மரத்தின் வேரையும் அடித்தண்டையும் உள்ளுக்குள் மக்கச் செய்பவை. மேலே இலை பசுமையாக இருக்கும்போதே அடி வலுவிழந்திருக்கும். அதைப் பார்த்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு அனுப்பினாலே போதும். காளானை உடைத்து எறிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். உடைத்தது கனியுடல் மட்டும்; மைசீலியம் மரத்துக்குள் அப்படியேதான் இருக்கும். பரிசோதிக்க வருபவருக்கு அடையாளம் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

காட்டுக்குள் விழுந்த மரங்களை, பாதையை மறித்தால் அறுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, மற்றபடி அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதைப் பராமரிப்புக் குறை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதுதான் சரியான பராமரிப்பு. ஊருக்குள் இருக்கும் பூங்காக்களிலும் ஆபத்தில்லாத மூலைகளில் இன்னும் நாலு கட்டைகளை மக்க விடலாம் என்பது என் ஆசை. பிள்ளைகள் காளானைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லாமல் வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்ப்பார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் இருப்பதால் இங்கே இதற்கென்று பருவம் பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை, வடகிழக்குப் பருவமழையில் கிளைகள் நன்றாக ஊறியிருக்கும்போது புதுப் புனல்கள் கூடுதலாகக் கண்ணில் படும். பெரிய அடிமரங்களைவிட விரல் பருமனும் கை பருமனும் உள்ள கிளைகளைத் தேடுங்கள்.

இதோடு குழம்ப இடம் கொடுக்கும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோபோரஸ் அஃபினிஸ் என்ற நெருங்கிய உறவு இதே காட்டில் இதே மாதிரிக் கிளைகளில் வளர்கிறது. வரிகள் அதிலும் உண்டு. ஆனால் காம்பு நடுவில் இல்லாமல் ஓரத்திலிருந்து கிளம்பும், வடிவம் புனலாக இல்லாமல் விசிறியாக இருக்கும். இன்னொன்று, ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக, மென்மையான கிண்ணங்களாக நிற்கும் குக்கீனா. அது பூஞ்சைகளில் வேறு பெரும்பிரிவைச் சேர்ந்தது. அடியில் துளை கிடையாது. கிண்ணத்தின் உள்பக்கத்தில்தான் அதன் வித்துகள் உண்டாகின்றன.

அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்காகக் காளானைப் பறிக்கவோ கிளையைப் புரட்டவோ வேண்டாம். கைக்கு அடக்கமான ஒரு சிறு கண்ணாடியைப் புனலுக்குக் கீழே நீட்டுங்கள், இல்லையென்றால் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை மேல்நோக்கி வைத்துப் படமெடுங்கள். வெள்ளைப் பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியவரும். பிள்ளைகளோடு போனால் மூன்றைத் தேடச் சொல்லுங்கள்: காம்படியில் மஞ்சள், அடியில் துளை, திசை மாறி நிற்கும் பழைய புனல். மூன்றாவது கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும்.